லின்ட் ஓட்டிய பிறகு என்ன உடைந்தது? அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

லின்ட் என்ற பெயர் துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் தூசியிலிருந்து வந்தது. 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழி நிரல்களைச் சோதிக்க எழுதிய கருவிக்கு அந்தப் பெயரை வைத்தார். இன்று, நிரலை ஓட்டாமலே படித்துக் குறை காட்டும் கருவிகளுக்கெல்லாம் அது பொதுப்பெயர். தூசியைத் தட்டுவதற்கென்று வந்த கருவிதான். ஆனால் பழைய நிரலில் முதல் தடவை லின்ட் ஓட்டிய பலருக்கும் கடைசியில் கையில் மிஞ்சுவது கிழிந்த துணி.

கீழே இருப்பவை நானும் கூட வேலை செய்தவர்களும் மாட்டிக்கொண்ட இடங்கள். உங்களுக்கு எந்த அறிகுறியோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட். கருவிகள், பைத்தானுக்கு ரஃப், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஈஎஸ்லின்ட். கட்டளைகளைப் படிக்கும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் இரண்டு வேலை. டெஸ்ட்டுகளை ஒரு தடவை ஓட்டி, இப்போது எத்தனை தேறுகிறது, எத்தனை விழுகிறது என்று எழுதி வையுங்கள். அப்புறம், கமிட் ஆகாத (கிட்டில் பதிவாகாத) மாற்றம் ஒன்றும் இல்லாத நிலையில் தனி பிராஞ்ச் (கிளை) எடுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் தொடங்கினால், பின்னால் எது லின்ட்டால் உடைந்தது, எது ஏற்கெனவே உடைந்திருந்தது என்று பிரிக்கவே முடியாது.

## முதல் தடவை ஓட்டினேன், 4,000 எச்சரிக்கை வந்து கொட்டுகிறது

மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருத்த உட்காராதீர்கள். முதலில் விதிவாரியாக எண்ணுங்கள். 'ரஃப் செக்' கட்டளையோடு '--ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' சேர்த்தால் எந்த விதியில் எத்தனை என்று பட்டியல் வரும். அநேகமாக முக்கால்வாசி எச்சரிக்கைகள் இரண்டு மூன்று விதிகளுக்குள் அடங்கிவிடும்: வரி நீளம், மேற்கோள் குறி, இம்போர்ட் வரிசை. இவை தோற்றம் சார்ந்தவை. கவலைப்பட வேண்டியவை மிச்சத்தில் இருக்கும்: அறிவிக்கப்படாத பெயர், இயல்பு மதிப்பாக வைத்த வெற்றுப் பட்டியல், எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிடும் எக்ஸெப்ட். கன்ஃபிக்கில் யாராவது 'ஆல்' என்று போட்டு எல்லா விதிகளையும் திறந்து வைத்திருந்தால் அதை முதலில் மூடுங்கள். பைஃப்ளேக்ஸ் என்ற பழைய லின்ட்டர் வழி வந்த 'எஃப்' விதிகளில் தொடங்குவது நல்லது. அவை கத்தினால் பெரும்பாலும் காரணம் இருக்கும்.

தோற்றம் சார்ந்தவற்றை லின்ட்டரிடமிருந்து பிடுங்கி, நிரலின் தோற்றத்தை மட்டும் ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டரிடம் கொடுத்துவிடுங்கள். ரஃப் ஃபார்மேட், பிளேக், ப்ரெட்டியர், எதுவானாலும் சரி. மொத்த ரெப்போவுக்கும் (நிரல் களஞ்சியத்துக்கும்) ஒரே தடவை ஓட்டி, அதை மட்டும் ஒரு கமிட்டாகப் போடுங்கள். அந்தக் கமிட்டில் ஒரு வேரியபிள் பெயரைக்கூட மாற்றக் கூடாது. 'வந்த கையோடு இதையும் சரிசெய்துவிட்டேன்' என்று ஒரு வரியைச் சேர்த்தால், எண்ணாயிரம் வரி டிஃப்பில் (மாற்றப் பட்டியலில்) அந்த ஒரு வரியை எந்த ரிவ்யூவரும் கண்டுபிடிக்க மாட்டார்.

இதைச் சொன்னவுடன் ஒரு மறுப்பு வரும்: "கிட் பிளேமில் எல்லா வரியும் உங்க பேர்லதானே நிற்கும்?" பிளேம் என்பது எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கிட் கட்டளை. நியாயமான கவலை. ஆகஸ்ட் 2019-இல் வந்த கிட் 2.23 முதல் இதற்கு வழி இருக்கிறது. புள்ளியில் தொடங்கும் 'கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்' என்ற கோப்பை வைத்து, ஃபார்மேட் கமிட்டின் முழு ஹாஷையும் (அடையாள எண்ணையும்) அதில் எழுதுங்கள். பிறகு 'பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்' என்ற கிட் அமைப்பில் அந்தக் கோப்பைக் காட்டினால் பிளேம் அந்தக் கமிட்டைத் தாண்டிப் பின்னால் பார்க்கும். கிட்ஹப்பின் பிளேம் பக்கமும் இந்தக் கோப்பைத் தானாகவே படிக்கும்.

இதில் பொறி மூன்று. சுருக்கிய ஹாஷ் ஏற்காது, முழுசாக எழுத வேண்டும். ஸ்குவாஷ் மெர்ஜ் (கமிட்டுகளை ஒன்றாக்கி இணைப்பது) செய்தால் ஹாஷ் மாறிவிடும். ஆகவே மெர்ஜ் ஆன பிறகு மெயின் பிராஞ்ச்சில் இருக்கும் ஹாஷைப் பார்த்து எழுதுங்கள். அந்த அமைப்பை குளோபலாகப் போட்டால், அப்படிக் கோப்பே இல்லாத வேறு ரெப்போக்களில் பிளேம் ஓடாமல் பிழை காட்டும். ரெப்போ அளவில் போடுவதே நல்லது.

மிச்சம் இருக்கும் எச்சரிக்கைகளை இன்றைக்கே தீர்த்தாக வேண்டும் என்றில்லை. இருப்பதை அப்படியே உறைய வைத்து, புதிதாக ஒன்றும் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். ரஃப்பில் '--ஆட்-நோகியூஏ' எச்சரிக்கை இருக்கும் வரிகளிலெல்லாம், 'இந்த வரியை விட்டுவிடு' என்று லின்ட்டருக்குச் சொல்லும் 'நோகியூஏ' குறிப்பைத் தானே எழுதிவிடும். ஈஎஸ்லின்ட்டில் 2025-இல் '--சப்ரெஸ்-ஆல்' வந்தது; அது நிரலைத் தொடாமல் தனி ஜேசன் கோப்பில் கணக்கு வைக்கும். இரண்டாவது முறைதான் எனக்குப் பிடிக்கும். நிரல் முழுக்க 'நோகியூஏ' தெளித்துவிட்டால், நாலு மாதத்தில் அது கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

## தானாகத் திருத்தவிட்டேன். லின்ட் சுத்தம், புரோகிராம் தப்பாக நடக்கிறது

சிரமமான அறிகுறி இதுதான். பிழைச்செய்தி எதுவும் வராது. பல நாள் கழித்து ஏதோ ஒன்று குறைகிறது என்று யாராவது சொல்வார்கள்.

எனக்கு நடந்தது. டேட்டாபேஸோடு பேச உதவும் எஸ்கியூஎல்ஆல்கெமி கொண்டு எழுதிய ஒரு பைத்தான் நிரல். நீக்கப்படாத பதிவுகளை மட்டும் எடுக்கும் வரியில், 'டெலிட்டெட்_அட்' என்ற அட்டவணைப் பத்தி நன்னுக்கு (பைத்தானில் 'மதிப்பு இல்லை') சமமா என்று இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டிருந்தார்கள். ஈ711 விதி, 'நன்னை ஒப்பிட இரட்டைச் சமக்குறி வேண்டாம், இஸ் போடு' என்றது. வழக்கமான பைத்தானுக்கு நல்ல அறிவுரைதான். பாதுகாப்பில்லாத திருத்தங்களையும் செய்யச் சொல்லும் '--அன்சேஃப்-ஃபிக்ஸஸ்' கொடியோடு ரஃப்பை ஓட்டியிருந்தேன். லின்ட் சுத்தம். மறுநாள் பட்டியல் திரை காலி.

நடந்தது இதுதான். எஸ்கியூஎல்ஆல்கெமியில் பத்தியின் இரட்டைச் சமக்குறிக்கு வேறு அர்த்தம். அது அந்த இடத்திலேயே ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. 'இஸ் நல்' என்ற எஸ்கியூஎல் துண்டை உருவாக்கித் தருகிறது. 'இஸ்' என்று மாற்றியதும் பைத்தானே பதில் சொல்லிவிட்டது: பத்தி என்பது ஒரு ஆப்ஜெக்ட், அது நன் இல்லை, ஆகவே ஃபால்ஸ். வினவலுக்குப் போன நிபந்தனை வெறும் ஃபால்ஸ். ஒரு வரிசையும் வரவில்லை. எனக்குக் காலித் திரையோடு போனது. அதுவே 'சமமில்லை' என்பதை 'இஸ் நாட்' ஆக்கியிருந்தால் நிபந்தனை எப்போதும் ட்ரூ ஆகியிருக்கும். அந்த வினவல் ஒரு டெலிட்டுக்கு முன்னால் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. சரியான எழுத்து, பத்தியின் 'இஸ்_' மெத்தடுக்கு நன் கொடுப்பது. லின்ட்டும் அடங்கும், அர்த்தமும் மாறாது.

இந்தத் திருத்தத்தை ரஃப் பாதுகாப்பற்றது என்றே வகைப்படுத்தியிருக்கிறது. கருவி எச்சரித்ததைத் தாண்டிப் போனது நான்.

பாதுகாப்பான திருத்தம் என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. எஃப்401, பயன்படாத இம்போர்ட். சாதாரண '--ஃபிக்ஸ்' கொடுத்தாலே அதை அழித்துவிடும். ஆனால் சில இம்போர்ட்டுகள் பெயருக்காகப் போடப்பட்டவை இல்லை. அந்த மாட்யூல் ஒரு தடவை ஓட வேண்டும் என்பதற்காகப் போடப்பட்டவை. ஜாங்கோ என்ற பைத்தான் வலைச் சட்டகத்தில் 'ரெடி' மெத்தடுக்குள் சிக்னல்ஸ் மாட்யூலை இம்போர்ட் செய்வார்கள். அந்தப் பெயரை யாரும் பயன்படுத்துவதில்லை. அந்த வரி போனால் சிக்னல் எதுவும் பதிவாகாது, பதிவு சேமித்ததும் போக வேண்டிய மின்னஞ்சல் போகாது, பிழையும் வராது. டேட்டாபேஸ் அமைப்பு மாற்றங்களைக் கவனிக்கும் அலெம்பிக்கின் 'என்வ்' கோப்பில் இது இன்னும் ஆபத்து. அங்கே மாடல் இம்போர்ட்டுகள் போய்விட்டால், அந்த அட்டவணைகள் இனி வேண்டாம் என்று ஆட்டோஜெனரேட் நினைத்துக்கொள்ளும். டேட்டாபேஸில் இருக்கும் அட்டவணைகளை டிராப் செய்யச் சொல்லி மைக்ரேஷன் எழுதிக் கொடுக்கும். அதை யாரும் படிக்காமல் ஓட்டினால்? அவ்வளவுதான்.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் இதற்கு இணை, இரட்டைச் சமக்குறியை மூன்று சமக்குறியாக மாற்றுவது. 'நல்லுக்கு இரட்டைச் சமக்குறி' என்று எழுதியிருந்தால் அது நல், அன்டிஃபைன்ட் இரண்டையும் பிடிக்கும். மூன்றாக்கினால் நல்லை மட்டும் பிடிக்கும். ஈஎஸ்லின்ட் இதைத் தானாக மாற்றாது. எச்சரிக்கையைப் பார்த்து ஆள்தான் தேடி-மாற்று போட்டு மாற்றுகிறார். 'ஈக்யூஈக்யூஈக்யூ' விதியில் நல் ஒப்பீட்டை விட்டுவிடச் சொல்லும் விருப்பம் இருக்கிறது, அதை வையுங்கள். ரியாக்ட் எழுதுபவர்களுக்கு இன்னொன்று: ஹூக் சார்புப் பட்டியலில் ஏதோ விட்டுப்போனது என்று விதி சொல்லும். ஒவ்வொரு ரெண்டரிலும் புதிதாக உருவாகும் ஆப்ஜெக்டை அங்கே சேர்த்து, எஃபெக்ட்டுக்குள் ஸ்டேட்டையும் மாற்றினால் திரை நிற்காமல் சுற்றும். விதி சொன்னது சரி. மருந்து வேறு இடத்தில், அந்த ஆப்ஜெக்ட் உருவாகும் வரியில் இருக்கிறது.

இப்போது உடைந்து நிற்கிறீர்கள் என்றால்: ஒரு விதி, ஒரு கமிட் என்று பிரித்திருந்தால் கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் சில நிமிடத்தில் குற்றவாளியைக் காட்டிவிடும். பிரிக்கவில்லை என்றால் மொத்தத்தையும் ரிவர்ட் செய்து, விதிவாரியாகத் திரும்ப ஓட்டுங்கள். கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் எட்டாயிரம் வரி டிஃப்பைக் கண்ணால் துழாவுவதைவிட வேகம்.

## என் கணினியில் பச்சை, சிஐயில் சிவப்பு

சிஐ என்பது, நிரலை அனுப்பியதும் சர்வரில் தானாகச் சோதனைகளை ஓட்டும் அமைப்பு. முதல் சந்தேகம் எப்போதும் பதிப்பு. கமிட்டுக்கு முன் சோதனைகளை ஓட்டும் ப்ரீ-கமிட் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ரஃப்பின் பதிப்பு இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கும்: ப்ரீ-கமிட் கன்ஃபிக்கில் ஒன்று, சிஐ நிறுவும் சார்புப் பட்டியலில் ஒன்று. ஒன்றை உயர்த்தி மற்றதை மறப்பது சகஜம். இரண்டு இடத்திலும் '--வெர்ஷன்' கேட்டுப் பாருங்கள்.

பதிப்பு ஒன்றுதான் என்றால், எந்தக் கோப்புகளைப் பார்க்கிறது என்று பாருங்கள். ப்ரீ-கமிட் நீங்கள் ஸ்டேஜ் செய்த (கமிட்டுக்கு எடுத்து வைத்த) கோப்புகளை மட்டும் பார்க்கும். சிஐ முழு ரெப்போவையும் பார்க்கும். ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினீர்கள், அதை அழைக்கும் இன்னொரு கோப்பைத் தொடவில்லை என்றால், கோப்பு தாண்டிப் பார்க்கும் விதிகளில் வித்தியாசம் வரும். 'ப்ரீ-கமிட் ரன் --ஆல்-ஃபைல்ஸ்' ஓட்டினால் சிஐ பார்ப்பதை நீங்களும் பார்க்கலாம்.

இம்போர்ட் கிடைக்கவில்லை என்று சிஐ மட்டும் கத்தினால் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைச் சோதியுங்கள். விண்டோஸும் மேக்கும் வழக்கமாகக் கோப்புப் பெயரில் அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை. சிஐ பெரும்பாலும் லினக்ஸ்; அது கண்டுகொள்ளும்.

ஈஎஸ்லின்ட்டை 9-க்கு உயர்த்தியதும் எச்சரிக்கை திடீரென்று பல மடங்கு ஆனதா? ஏப்ரல் 2024-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து ஃபிளாட் கன்ஃபிக் என்ற புதிய அமைப்பு வடிவம்தான் இயல்பு நிலை. பழைய 'ஈஎஸ்லின்ட்இக்னோர்' கோப்பை அது மதிக்காது. உங்கள் பில்ட் அடைவில் இருக்கும் சுருக்கப்பட்ட கோப்புகளை உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறது. விலக்குப் பட்டியலைப் புதிய கன்ஃபிக்கின் 'இக்னோர்ஸ்' பகுதிக்கு நகர்த்துங்கள்.

## சிஐ பச்சை, ஆனால் உள்ளே எச்சரிக்கைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன

ஈஎஸ்லின்ட்டில் 'வார்ன்' நிலையில் இருப்பவை எத்தனை வந்தாலும் கட்டளை வெற்றி என்றே முடியும். '--மேக்ஸ்-வார்னிங்ஸ் 0' போடுங்கள். போட்டும் பச்சை என்றால் சிஐ கோப்பைத் திறந்து அந்த வரியின் கடைசியைப் பாருங்கள். என்றோ ஓர் இரவு அவசரத்தில் யாரோ சேர்த்த 'இல்லாவிட்டால் ட்ரூ' (தோற்றாலும் வெற்றி என்று சொல்வது) அங்கே இருக்கும். அல்லது வெளியீட்டை பைப் போட்டு, அதைக் கோப்பிலும் எழுதும் 'டீ' கட்டளைக்கு அனுப்பியிருப்பார்கள். அப்போது ஷெல் கேட்பது 'டீ'யின் வெற்றியை, லின்ட்டுடையதை அல்ல. 'பைப்ஃபெயில்' அமைத்தால் தீரும்.

## ஒரு வரி மாற்றினேன், டிஃப்பில் 600 வரி

வரி முடிவுக் குறி. வேறு எதையும் யோசிக்க வேண்டாம், முதலில் 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --ஈஓஎல்' ஓட்டுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் கிட்டின் சேமிப்பில் என்ன இருக்கிறது, உங்கள் அடைவில் என்ன இருக்கிறது என்று பக்கத்துப் பக்கத்தில் காட்டும். ஒரு பக்கம் எல்எஃப் (லினக்ஸ், மேக் வழக்கம்), மறுபக்கம் சிஆர்எல்எஃப் (விண்டோஸ் வழக்கம்) என்றால் அகப்பட்டது.

ஒவ்வொருவரும் தங்கள் கணினியில், வரி முடிவை மாற்றும் 'ஆட்டோசிஆர்எல்எஃப்' என்ற கிட் அமைப்பை மாற்றிக்கொள்ளச் சொல்வது நிலைக்காது. புதிதாக ஒருவர் வந்ததும் திரும்ப வரும். ரெப்போவில் 'கிட்ஆட்ரிப்யூட்ஸ்' கோப்பில் உரைக் கோப்புகள் எல்எஃப் என்று எழுதி, 'கிட் ஆட் --ரீநார்மலைஸ்' ஒரு தடவை ஓட்டி, தனிக் கமிட்டாகப் போடுங்கள். ப்ரெட்டியர் 2020-இல் வந்த 2.0 முதல் எல்எஃப்பையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே பழைய ரெப்போவில் அதை உயர்த்திய நாளில் இந்த அறிகுறி வருவது வழக்கம். கமிட்டுக்கு இடையில் அவசரமாக ரிவ்யூ செய்ய வேண்டியிருந்தால் 'கிட் டிஃப் -டபிள்யூ' இடைவெளி மாற்றங்களை மறைத்துக் காட்டும். பைத்தானில் மட்டும் ஜாக்கிரதை. அங்கே இடைவெளியே அர்த்தம்.

## சேமிக்கும்போதெல்லாம் அதே வரி மாறி மாறித் துடிக்கிறது

இரண்டு கருவிகள் ஒரே வரிக்குச் சண்டை போடுகின்றன. பிளேக் 88 எழுத்து வரை விடும். பைத்தான் நடைச் சோதனைக் கருவியான பைகோட்ஸ்டைல் 79-இல் நிறுத்தும். ஈஎஸ்லின்ட் தன் தோற்ற விதிகளை 2023-இலேயே கைவிடப்பட்டவை என்று அறிவித்துவிட்டது. உங்கள் கன்ஃபிக்கில் அவை இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள், அல்லது 'ஈஎஸ்லின்ட்-கன்ஃபிக்-ப்ரெட்டியர்' சேர்த்து அணையுங்கள். எடிட்டர் அமைப்பில் 'சேமிக்கும்போது ஃபார்மேட் செய்' என்பதற்கு இரண்டு நீட்சிகள் பதிவாகியிருக்கின்றனவா என்றும் பார்க்கவும்.

## லின்ட் ஓடி முடிவதற்குள் பொறுமை போய்விடுகிறது

'டைமிங்' என்ற சூழல் மாறிக்கு 1 கொடுத்து ஈஎஸ்லின்ட்டை ஓட்டுங்கள். எந்த விதி எவ்வளவு நேரம் தின்றது என்று அட்டவணை வரும். இம்போர்ட் சுழற்சியைத் தேடும் விதியோ, டைப்ஸ்கிரிப்ட்டின் வகைத் தகவலைக் கேட்கும் விதிகளோ மேலே இருக்கும். அவற்றை சிஐயில் மட்டும் ஓட்டுங்கள். மெதுவான ப்ரீ-கமிட்டை மக்கள் இரண்டு நாள் சகித்துக்கொள்வார்கள், மூன்றாம் நாள், சோதனையைத் தாண்டிக் கமிட் செய்யும் '--நோ-வெரிஃபை' கற்றுக்கொள்வார்கள்.

## எச்சரிக்கை போய்விட்டது, பிரச்சினை அப்படியே இருக்கிறது

எச்சரிக்கையின் வாயை மட்டும் அடைத்த அறிகுறி. வெறும் எக்ஸெப்ட் கூடாது என்று விதி சொன்னதும், பக்கத்தில் 'எக்ஸெப்ஷன்' என்று எழுதி, கீழே 'பாஸ்' போடுவார்கள். விதி அடங்கிவிடும். பிழை முன்பு போலவே விழுங்கப்படும். ஃபங்ஷன் மிகச் சிக்கலாக இருக்கிறது என்றதும் அதை நடுவில் வெட்டி 'பகுதி_1', 'பகுதி_2' என்று பெயர் வைப்பதும் இதே ஜாதி. படிப்பவருக்கு இப்போது இரண்டு இடத்தில் குழப்பம்.

விதியைத் தெரிந்தே அணைப்பதில் தவறில்லை. சிக்னல் இம்போர்ட் போன்ற இடங்களில் அணைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எந்த விதி என்று எண்ணோடு எழுதுங்கள். வெறும் 'நோகியூஏ' அந்த வரியில் நாளைக்கு வரப்போகும் வேறு பிழைகளையும் சேர்த்து மறைக்கும். பக்கத்தில் காரணம் அரை வரி: 'சிக்னல் பதிவாக வேண்டும், நீக்காதீர்கள்'. காலாவதியான அடக்கல்களைப் பிடிக்க ரஃப்பில் ஆர்யூஎஃப்100 விதியும், ஈஎஸ்லின்ட்டில் '--ரிப்போர்ட்-அன்யூஸ்ட்-டிசேபிள்-டைரக்டிவ்ஸ்' கொடியும் இருக்கின்றன.

எச்சரிக்கையைப் புரியாமல் அடக்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டெபியன் லினக்ஸில் இருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் கதை போதும். 2006-இல், நினைவகத்தைச் சோதிக்கும் வால்கிரைண்ட், ப்யூரிஃபை கருவிகள், மதிப்பு வைக்காத நினைவகம் பயன்படுகிறது என்று எச்சரித்தன. அதை நிறுத்த, பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்த இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. ஒன்று போனால் பரவாயில்லை. மற்றது, தற்செயல் எண் உருவாக்கத்துக்குள் தற்செயலையே கொண்டு சேர்க்கும் வரி. அது போனபின் மிஞ்சியது பிராசஸ் எண் மட்டும். ஒரே வகையில், ஒரே அளவில் உருவாகக்கூடிய சாவிகள் மொத்தமே 32,768. மே 2008-இல் வெளியே தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பதிப்புகளில் உருவான எஸ்எஸ்ஹெச் சாவிகளையெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. கருவி ஓர் இடத்தைக் காட்டியது. கை, அதே முகம் கொண்ட இன்னொரு இடத்தையும் சேர்த்துத் துடைத்தது.

## ரிவ்யூ முழுக்க காற்புள்ளிச் சண்டை

நாற்பது கருத்துகள் வந்திருக்கும். முப்பத்தைந்து இடைவெளி, பெயர், மேற்கோள் குறி பற்றி. ஒரே கருத்து இரண்டாம் முறை வந்தால் அதை விதியாக்கி லின்ட்டரிடம் ஒப்படைத்துவிடுங்கள். விதியாக்க முடியாதது என்றால் அது பெரும்பாலும் ரசனை. ரசனை என்று சொல்லியே எழுதுங்கள், 'கட்டாயம் இல்லை' என்று முன்னால் போட்டு.

புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள்) நாலு நாளாகக் கிடக்கிறது, யாரும் திறக்கவில்லை என்றால் அளவைப் பாருங்கள். சிஸ்கோ குழு ஒன்றை வைத்து ஸ்மார்ட்பேர் நிறுவனம் செய்த ஆய்வு, ஒரு அமர்வில் 200 முதல் 400 வரிக்கு மேல் பார்த்தால் குறை கண்டுபிடிக்கும் திறன் சரிகிறது என்றது. எனக்கு அந்த எண்ணே தாராளம். ஆயிரம் வரி வந்தால் 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் பதில் வரும், நூறு வரி வந்தால் பத்துக் கேள்வி வரும்.

## லின்ட் பச்சை, ரிவ்யூவும் ஆனது, பிழை மட்டும் வெளியே போய்விட்டது

முதலில் லின்ட்டர் பிடித்திருக்கக்கூடியதா என்று கேளுங்கள். பிப்ரவரி 2014-இல் ஆப்பிளின் டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைய இணைப்பு) நிரலில் 'கோட்டோ ஃபெயில்' என்ற வரி இரண்டு தடவை அடுத்தடுத்து இருந்தது தெரியவந்தது. இரண்டாவது வரி 'இஃப்'புக்குள் இருப்பது போல உள்ளே தள்ளி நின்றது, ஆனால் உண்மையில் நிபந்தனை இல்லாமல் எப்போதும் ஓடியது; கையொப்பச் சோதனை நடக்காமலே 'சரி' என்று முடிந்தது. எட்ட முடியாத நிரலைக் காட்டும் எச்சரிக்கை கிளாங் என்ற கம்பைலரில் இருந்தது. ஆனால் 'எல்லாம்' என்று பெயர் வைத்த 'வால்' தொகுப்பில் அது இல்லை. ஏமாற்றும் உள்தள்ளலுக்கென்றே ஓர் எச்சரிக்கையை ஜிசிசி கம்பைலர் 2016-இல் 6-ஆம் பதிப்பில் சேர்த்து, 'வால்' தொகுப்பிலும் வைத்தது. உங்கள் பிழையும் இப்படிப்பட்டது என்றால், அதைப் பிடிக்கும் விதியைத் தேடித் திறந்து வையுங்கள்.

இல்லையென்றால் அது ஆள் பார்க்க வேண்டிய பிழை. அதற்கு டிஃப்பை மேலிருந்து கீழே வாசித்தால் போதாது. அந்த ஃபங்ஷனை அழைப்பவர்கள் யார் என்று போய்ப் பார்க்க வேண்டும். டெஸ்ட்டை முதலில் படித்து, எந்தக் கேள்வி அதில் கேட்கப்படவில்லை என்று யோசிக்க வேண்டும். ஒன்றைச் சொல்கிறேன்.

இரண்டு தேதிகளுக்கு இடையிலான பதிவுகளை எடுக்கும் சின்ன ஃபங்ஷன், பன்னிரண்டு வரி. 'உருவான நேரம் தொடக்கத்துக்குச் சமம் அல்லது மேல், முடிவுக்குச் சமம் அல்லது கீழ்' என்பதுதான் நிபந்தனை. வகைக் குறிப்புகள் உண்டு, பெயர்கள் அழகு, லின்ட் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று டெஸ்ட்டும் தேறின. நான் ஏற்கெனவே சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். இரண்டாவதாகப் பார்த்தவர் எங்களைவிட வயதில் மூத்தவர், அதிகம் எழுத மாட்டார். ஒரே ஒரு கருத்து போட்டிருந்தார்: "தம்பி, கடைசி நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்த பதிவு இதில் வருமா?"

வராது. முடிவு என்று வந்தது வெறும் தேதி. நேரத்தோடு ஒப்பிட்டபோது அது அந்த நாளின் நள்ளிரவு 00:00 ஆகிவிட்டது. கடைசி நாள் முழுக்க வெளியே. டெஸ்ட் எழுதியவர் எடுத்த பதிவுகள் எல்லாம் மாத நடுவில் இருந்தன.

எழுதிய பையன் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "பார்க்கிறேன் அண்ணா" என்று ஒரு வரி, கொஞ்ச நேரத்தில் இரண்டு கமிட். முதலாவதில் இரவு 11:59-க்கு ஒரு பதிவு வைத்து, விழுகிற டெஸ்ட். இரண்டாவதில் முடிவுத் தேதியோடு ஒரு நாள் கூட்டி, 'சமம் அல்லது கீழ்' என்பதை வெறும் 'கீழ்' ஆக்கியிருந்தான். நான் என் ஒப்புதலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.